ஃபிளெமிங் தட்டில் விழுந்த பூஞ்சைக்கு நான்கு பெயர்கள்: பெனிசிலியம் பேரினம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் ஒரு சோதனைக்குழாய் இருக்கிறது. உள்ளே சாய்வாக உறைந்த அகார் என்ற ஊட்டக்கூழ், அதன்மேல் நீலப்பச்சைப் பொடி போர்த்திய பூஞ்சை. குழாயின் கழுத்தில் மூன்று சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. அடிச்சீட்டு மஞ்சளேறிப் போய், மை பரவி, 'பெ. நொட்டேட்டம்' என்கிறது. நடுச்சீட்டில் தட்டச்சு எழுத்தில் 'பெ. கிரைசோஜீனம்'. மேலே இருப்பதை நான் எழுதி ஒட்டினேன்: 'பெ. ரூபென்ஸ்'. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களில் ஒருவராவது அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல எது சரி?" என்று கேட்பார்.

மூன்றுமே அந்தந்தக் காலத்தில் சரியாக எழுதப்பட்டவை என்று நான் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. வகைப்பாட்டியலாளர்கள் வேலையில்லாமல் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் நுண்ணுயிரியல் படிப்பவர்களிடமே ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்ற எனக்குத் தெரிந்த சிறந்த வழி, ஒரே ஒரு பூஞ்சையை எடுத்துக்கொண்டு அதன் கதையை முதலிலிருந்து பார்ப்பது. நான் எடுத்துக்கொள்வது பென்சிலின் தந்த பூஞ்சை. 1928-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்தது முதல் 2011 வரை அதற்கு நான்கு சிற்றினப் பெயர்கள்: ரூப்ரம், நொட்டேட்டம், கிரைசோஜீனம், ரூபென்ஸ்.

பச்சையாக இருந்ததெல்லாம் கிளாக்கம்

பெனிசிலியம் என்ற பேரினத்தை 1809-இல் நிறுவியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹைன்ரிக் லிங்க். லத்தீனில் பெனிசில்லஸ் என்றால் சிறு தூரிகை. நிமிர்ந்து நிற்கும் காம்பு, அதன் தலையில் தூரிகை போலக் கிளைத்த முடிவு, கிளை நுனிகளில் கோத்த வித்துச் சரங்கள்: இவ்வளவுதான் அவர் பார்த்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பார்வை தப்பவில்லை. அவர் அப்போது சேர்த்த சிற்றினங்கள் மூன்று: கேண்டிடம், எக்ஸ்பான்சம், கிளாக்கம். ஆப்பிளை அழுகவைக்கும் எக்ஸ்பான்சம்தான் இன்று இந்தப் பேரினத்தின் வகைச் சிற்றினம், அதாவது பேரினப் பெயருக்கு அளவுகோலாக நிற்கும் சிற்றினம்.

கிளாக்கம் என்ற பெயரின் கதை வேறு. கிளாக்கம் என்றால் சாம்பல் பூத்த நீலப்பச்சை. 19-ஆம் நூற்றாண்டு முழுக்க ரொட்டியில், பாலாடைக் கட்டியில், பழத்தில், மருந்துக் கரைசலில் பச்சையாக எது படிந்தாலும் அதை பெனிசிலியம் கிளாக்கம் என்று எழுதிவிட்டார்கள். பாஸ்டர் டார்டாரிக் அமிலத்தில் வளர்த்தது கிளாக்கம். அறுவை மருத்துவர் லிஸ்டர் பார்த்ததும் கிளாக்கம். நம் வீட்டில் 'பூசணம் பிடிச்சிருக்கு' என்று சொல்வதைவிட அந்தப் பெயர் அதிகமாக எதையும் சொல்லவில்லை.

இதன் விலையைக் காட்ட ஒரு நிகழ்வு போதும். பிரான்சின் லியோன் நகர ராணுவ மருத்துவப் பள்ளி மாணவர் எர்னஸ்ட் துஷேன், 1897-இல் தாம் அளித்த ஆய்வேட்டில், பெனிசிலியம் கிளாக்கம் வளர்த்த திரவத்தைச் செலுத்திய கினிப் பன்றிகள், கொல்லும் அளவு டைபாய்டு கிருமி கொடுத்தபோதும் பிழைத்ததாக எழுதினார். ஃபிளெமிங்குக்கு 31 ஆண்டுகள் முன்பு! ஆனால் ஃபிளெமிங்கின் பென்சிலின் டைபாய்டு கிருமியை அப்படித் தடுப்பதில்லை. அப்படியானால் துஷேன் கையில் இருந்தது எந்தப் பூஞ்சை, எந்த வேதிப்பொருள்? யாராலும் சொல்ல முடியாது. அவர் எழுதிய பெயர் எல்லாப் பச்சைக்கும் பொது. வளர்ப்பும், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த அந்தப் பூஞ்சையும், பாதுகாக்கப்படவில்லை. துஷேன் 1912-இல் காசநோயால் 37 வயதில் இறந்துபோனார். அவர் கண்டது உண்மையாக இருந்தாலும் அதை மறுபடி செய்துபார்க்க எவருக்கும் வழியில்லாமல் போய்விட்டது. இந்த ஆய்வு நெடுகத் துஷேனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நுண்ணோக்கியின் கீழ்

பெயர்களுக்குள் போகுமுன் இந்த உயிரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் வகைப்பாடு பேசுவது வயலைப் பார்க்காமல் நெல் ரகம் பேசுவது போல.

தொடங்குவதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். மறந்துபோன எலுமிச்சையிலோ சாத்துக்குடியிலோ வெள்ளை விளிம்புடன் பாசிப்பச்சைப் பொடி பூத்திருக்கும். அது பெனிசிலியம் டிஜிடேட்டம். பக்கத்துப் பழத்தில் நீலம் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் பெனிசிலியம் இடாலிக்கம். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாத் துண்டை அந்தப் பொடியின் ஓரத்தில், வெள்ளையும் பச்சையும் சந்திக்கும் இடத்தில், தொட்டும் தொடாமலும் ஒற்றியெடுக்க வேண்டும். நடுவில் ஒற்றினால் வித்துகள் மட்டுமே குவிந்து வரும், தூரிகை தெரியாது. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு எத்தனால் விட்டு வித்துகளைக் கழுவி, பிறகு லாக்டோஃபீனால் காட்டன் புளூ ஒரு சொட்டு. எத்தனால் ஏன் என்று கேட்பார்கள். இந்த வித்துகளின் தோலில் நீர் ஒட்டாது. நேரடியாகச் சாயம் விட்டால் காற்றுக்குமிழிகள்தான் மின்னும்.

நாற்பது மடங்கு லென்சில் முதலில் தெரிவது குறுக்குச் சுவர்கள் உள்ள நிறமற்ற இழைகள். அவற்றிலிருந்து செங்குத்தாகக் காம்பு எழுகிறது. அந்தக் காம்பின் தலையைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் குவியம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை எலும்புகள், அவற்றின் நுனியில் விரல்கள் என்று நம் கை பிரிவதுபோலத்தான் அது பிரிகிறது. காம்பின்மேல் கிளைகள், கிளைகளின்மேல் மெட்டுலா எனப்படும் குட்டையான தாங்கிகள், ஒவ்வொரு மெட்டுலாவின் மேலும் ஒரு கொத்து ஃபியலைடுகள். ஃபியலைடு என்பது குடுவை வடிவ உயிரணு. அதன் கழுத்திலிருந்துதான் வித்து, அதாவது கொனிடியம், பிறக்கிறது.

கொனிடியம் பிறக்கும் முறையை முறுக்கு பிழிவதை வைத்துச் சொன்னால் வகுப்பில் சட்டென்று புரிகிறது. அச்சிலிருந்து முதலில் வந்த மாவு தூரத்தில் தொங்கும், புதிதாக வந்தது அச்சை ஒட்டி இருக்கும். ஃபியலைடின் வாயிலும் அப்படியே: சரத்தின் நுனியில் இருப்பது மூத்த கொனிடியம், அடியில் இருப்பது இளையது. வித்து எப்படிப் பிறக்கிறது என்பதையே வகைப்பாட்டின் அச்சாகக் கொள்ள வேண்டும் என்று கனடாவின் ஸ்டான்லி ஹியூஸ் 1953-இல் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் வளர்ந்த சி. வி. சுப்பிரமணியன் 1962-இல் அதே தடத்தில் ஒரு முழு வகைப்பாட்டையே முன்வைத்தார். இந்தத் துறையில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு என்பதை நம் மாணவர்கள் பெரும்பாலும் அறியாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

காம்பின் உச்சிக்கும் ஃபியலைடுக்கும் இடையே எத்தனை அடுக்கு என்பதுதான் பெனிசிலியத்தில் முதல் கேள்வி. காம்பின்மேல் நேரடியாக ஃபியலைடு இருந்தால் ஒற்றையடுக்கு. நடுவில் மெட்டுலா வந்தால் இரண்டடுக்கு. அதற்கும் கீழே ஒரு கிளை வந்தால் மூன்றடுக்கு. நாம் பேசும் பென்சிலின் பூஞ்சை பெரும்பாலும் மூன்றடுக்கு, இடையிடையே இரண்டடுக்கும் நான்கடுக்கும் கலந்து தெரியும். காம்பின் சுவர் வழவழப்பு. ஃபியலைடு சுமார் 7 முதல் 9 மைக்ரான். கொனிடியம் 2.5 முதல் 4 மைக்ரான், வழவழப்பாக, உருண்டையிலிருந்து சற்று நீள்வட்டம் வரை. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி இருபதை வரிசையாக வைக்கலாம். தூரிகை கிளைக்காமல், காம்பு நுனி உருண்டையாகப் புடைத்து அதைச் சுற்றி ஃபியலைடுகள் நின்றால் அது உறவுப் பேரினமான ஆஸ்பெர்ஜில்லஸ். கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பு போல இருக்கும். மிக்கேலி 1729-இல் பெயர் வைத்ததும் தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியை நினைத்துத்தான்.

வடிவம் மட்டும் போதாது. தட்டில் வளரும் விதமும் வேண்டும். ட்சாபெக் ஈஸ்ட் அகாரில் மூன்று புள்ளிகளில் வித்தூன்றி, இருட்டில், 25 டிகிரியில், ஏழு நாள். பிறகு விட்டம், மேல்நிறம், அடிநிறம், மேலே அரும்பும் துளிகள், அகாரில் ஊறும் நிறம். இதில் ஒரு நுணுக்கத்தை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் மிகத் தூய்மையாக இருந்தால் பச்சை வெளிறிப்போகும். கொனிடியத்துக்கு நிறம் ஏறச் சிறிது செம்பு தேவை. அதனால்தான் ஊடகத்தில் துளியளவு செப்பு சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் சேர்க்கிறோம். நிறத்தை நம்பிச் சிற்றினத்தைப் பிரிக்கும் துறையில் ஒரு சிட்டிகை உப்பு பெயரையே மாற்றிவிடக்கூடும்.

முதல் பெயர்: ரூப்ரம்

ஃபிளெமிங் பாக்டீரிய அறிஞர். பூஞ்சை அவர் துறை அல்ல. 1929-இல் வெளியான கட்டுரையில் அவர் தம் பூஞ்சையை விவரித்திருக்கும் விதம் நேர்மையானது: முதலில் வெள்ளைப் பஞ்சு, சில நாளில் நடுவில் கரும்பச்சை, நாலைந்து நாளில் பளிச்சென்ற மஞ்சள் அகாருக்குள் ஊறுகிறது, சில சூழல்களில் வளர்ச்சியில் செந்நிறமும் தெரிகிறது. அந்த மஞ்சள்தான் முக்கியமான அடையாளம் என்று இன்று நாம் சொல்வோம். அன்று அதே கட்டடத்தில் பூஞ்சைகளோடு பணியாற்றிய லா டூஷ் என்ற அறிஞரின் கருத்தைக் கேட்டு, பெனிசிலியம் ரூப்ரத்தை ஒத்தது என்று ஃபிளெமிங் எழுதினார். ரூப்ரம் என்றால் சிவப்பு.

அது பிழை. ஆனால் பிழையின் அருகிலேயே அவர் இன்னொன்றும் செய்திருந்தார். மற்ற பூஞ்சைகளையும் எடுத்து அதே சோதனை செய்தார். எட்டு பெனிசிலியங்களில் ஒன்று மட்டுமே அந்தத் தடைப்பொருளைத் தந்தது, அந்த ஒன்றும் தோற்றத்தில் முதல் பூஞ்சையை அப்படியே ஒத்திருந்தது. அதாவது இது பெனிசிலியம் பேரினத்தின் பொதுக்குணம் அன்று, குறிப்பிட்ட ஒரு வகையின் குணம் என்பதை அவர் கண்டுகொண்டார். பெயரை அவர் தவறவிட்டாலும் வகைப்பாட்டின் கேள்வி சரியாகவே விழுந்திருந்தது. கூடவே அவர் அந்த வளர்ப்பை விடாமல் புதுப்பித்துக் காத்தார். கேட்டவர்களுக்குப் பகிர்ந்தும் கொடுத்தார். துஷேனுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

இரண்டாம் பெயர்: நொட்டேட்டம்

அமெரிக்க வேளாண்துறையின் சார்ல்ஸ் தாம் இந்தப் பேரினத்துக்கு ஒழுங்கு கொண்டுவந்தவர். பாலாடைக் கட்டிப் பூஞ்சைகளில் தொடங்கியவர், 1906-இல் கமெம்பெர்ட்டி, ரோக்ஃபோர்ட்டி என்ற இரண்டையும் விவரித்தார். 1910-இல் கிரைசோஜீனத்தை விவரித்தார். அந்தப் பெயருக்குப் பொன்னைத் தருவது என்று பொருள், அந்த மஞ்சள் நிறமியை வைத்து வந்தது. கிளாக்கம் என்ற பொதுப் பெயரை உடைத்து, ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பத்தில், அருகருகே வளர்த்து ஒப்பிட வேண்டும் என்ற பழக்கத்தை நிலைநாட்டியது அவர் உழைப்பு. அடுத்த ஆண்டே சுவீடனின் ரிச்சர்டு வெஸ்ட்லிங் நொட்டேட்டத்தை விவரித்தார்.

லண்டனில் வேதியியலாளர் ஹெரால்டு ரெய்ஸ்ட்ரிக் குழுவினர் ஃபிளெமிங்கின் பூஞ்சையை வாங்கி ஆராய்ந்து 1932-இல் கட்டுரை எழுதினார்கள். வேதிப்பொருளைப் பிரிக்குமுன் உயிரின் பெயரை உறுதிசெய்ய விரும்பி வளர்ப்பை தாமிடம் அனுப்பினார்கள். அவர் தந்த விடை: இது ரூப்ரம் இல்லை, நொட்டேட்டம், கிரைசோஜீனத்தின் நெருங்கிய உறவு. ஒரு குழாய் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனதால் நடந்த திருத்தம் இது.

1930-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியலாளர் எர்ன்ஸ்ட் செயின் பழைய கட்டுரைகளைப் புரட்டி ஃபிளெமிங்கின் பூஞ்சையைத் தேடியபோது, அந்த வளர்ப்பு அதே கட்டடத்தில் ஏற்கெனவே வைத்துக் காக்கப்பட்டிருந்தது. 1940-இல் ஜெர்மனி படையெடுத்து வந்துவிடுமோ என்ற அச்சத்தில் செயின் பணியாற்றிய துறையின் தலைவர் ஃபுளோரியின் குழுவினர் தங்கள் மேலங்கிகளின் உட்துணியில் வித்துகளைத் தேய்த்து வைத்துக்கொண்டார்கள். ஆய்வகம் அழிந்தாலும் ஒருவர் தப்பிப் போனால் போதும். நீர் ஒட்டாத, உலர்ந்த, எளிதில் உதிரும் கொனிடியம்தான் இதைச் சாத்தியமாக்கியது. சற்றுமுன் நாம் எத்தனால் விட்டுக் கழுவினோமே, அதே குணம்.

முலாம்பழத்திலிருந்து வந்த உறவினர்

ஃபிளெமிங்கின் பூஞ்சை திரவத்தின் மேற்பரப்பில் படர்ந்தால்தான் நன்றாகப் பென்சிலின் தந்தது. பெருந்தொட்டிகளில் மூழ்கி வளரும் பூஞ்சை வேண்டியிருந்தது. 1943-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து கென்னத் ரேப்பர் குழுவினர் பிரித்த பூஞ்சைக்கு, அந்நகர வேளாண் ஆய்வகத் தொகுப்பின் முறைப்படி, என்.ஆர்.ஆர்.எல். 1951 என்று எண் இட்டார்கள். அது மூழ்கியும் வளர்ந்தது. பெயர்: பெனிசிலியம் கிரைசோஜீனம். எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் பாய்ச்சி அதிலிருந்து உருவாக்கிய வழித்தோன்றல்கள்தாம் பென்சிலின் தொழிலின் அடித்தளம்.

இங்கே உருவவியலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த மஞ்சள் நிறமி மருந்தோடு கலந்து வந்து தொல்லை கொடுத்ததால், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நிறமியே சுரக்காத சந்ததியைத் தேர்ந்தெடுத்தார்கள். பொன்னைத் தருவது என்று பெயர் பெற்ற சிற்றினத்தில் பொன் இல்லாத கிளை! அதைத் தனிச் சிற்றினம் என்று எவரும் சொல்லவில்லை, ஏனென்றால் பெற்றோர் யார் என்று ஏட்டில் எழுதியிருந்தது. ஆனால் அதே நிறமற்ற பூஞ்சை முன்கதை தெரியாமல் ஒரு சுவரிலிருந்து கிடைத்திருந்தால்? கையில் இருக்கும் ஒரு பண்பு எவ்வளவு எளிதில் நழுவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1977: இரண்டு பெயர், ஒரே சிற்றினம்

நொட்டேட்டத்துக்கும் கிரைசோஜீனத்துக்கும் என்ன வேறுபாடு? பழைய கையேட்டு விளக்கப்படி முதலாவதன் கொனிடியம் உருண்டை, இரண்டாவதன் கொனிடியம் நீள்வட்டம் பக்கம் சாயும். எண்ணெய் லென்சில் ஒருமுறை நூறு கொனிடியாக்களை அளந்துபார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே சரத்திலேயே இரண்டும் இருக்கும். நெதர்லாந்தின் பார்ன் நகரில் இருந்த பூஞ்சை வளர்ப்பு மையத்தின் ராபர்ட் சாம்சன், அமேலியா ஸ்டோல்க் ஆகியோரும் ஹாட்லோக்கும் 1977-இல் பல வளர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்து, இடையில் எங்கும் முறிவு இல்லை, ஒன்று மற்றொன்றில் கரைகிறது என்று காட்டினார்கள். சிற்றினங்களைச் சேர்த்தால் மூத்த பெயர் நிற்கும் என்பது விதி. 1910, 1911-க்கு மூத்தது. நொட்டேட்டம் கிரைசோஜீனத்துக்குள் போனது. எங்கள் குழாயின் நடுச்சீட்டு அப்போது பிறந்தது.

இந்தப் பணியை நான் மிக மதிக்கிறேன். பிறகு வந்த மரபணு ஆய்வு மறுபடியும் பிரித்துவிட்டதால் 1977 தவறு என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. கொனிடிய வடிவத்தை வைத்துப் போட்ட கோடு உண்மையில் இல்லை என்று அவர்கள் காட்டியது இன்றும் நிற்கிறது. கோடு வேறோர் இடத்தில் இருந்தது.

நான்காம் பெயர்: ரூபென்ஸ்

ஐயம் வீட்டுத் தூசியிலிருந்து கிளம்பியது. கனடாவின் ஒன்டாரியோவில் வாலஸ்பர்க் என்ற ஊரின் வீடுகளில் திரட்டிய தூசியிலிருந்து பிரித்த கிரைசோஜீனங்களின் மரபணுக்களை ஜேம்ஸ் ஸ்காட் குழுவினர் 2004-இல் ஒப்பிட்டபோது, அவை நான்கு தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்தன. வீடுகளில் மிகுதியாக இருந்தது ஒரு கிளை. ஃபிளெமிங்கின் பூஞ்சை அந்தக் கிளையில் விழுந்தது. உலகப் புகழ்பெற்ற அந்தப் பூஞ்சை, படுக்கைக்கு அடியில் தூசியில் கிடக்கும் சாதாரண வீட்டுப் பூஞ்சைகளின் சொந்தம்.

2011-இல் ஹௌப்ராக்கன், ஃபிரிஸ்வாட், சாம்சன் மூவரும் பீட்டா டியூபுலின், கால்மோடுலின், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் மரபணுக்களைப் படித்தார்கள். பூஞ்சைகளுக்குப் பொதுப் பட்டைக்குறியாகக் கொள்ளப்படும் ஐ.டி.எஸ். பகுதி இந்தக் கூட்டத்தில் சிற்றினங்களைப் பிரிக்க உதவாது. பெனிசிலியத்தில் பீட்டா டியூபுலின் இல்லாமல் பெயர் சொல்லக்கூடாது என்று நான் மாணவர்களை வற்புறுத்துவது இதனால்தான். மரபணு காட்டிய பிரிவை வேதியியலும் உறுதிசெய்தது. தாமின் கிரைசோஜீனம் செகலோனிக் அமிலம் சுரக்கிறது, ஃபிளெமிங்கின் பூஞ்சை இருக்கும் கூட்டம் சுரப்பதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுக்கும் இடையே கைவைத்துக் காட்ட எதுவும் இல்லை. ஆக, தனிச் சிற்றினம்.

புதுப் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. பெல்ஜியத்தின் லூவென் நகரில் பிலிபர்ட் பியூர்ஜ் 1923-இலேயே, ஃபிளெமிங்கின் தட்டில் வித்து விழுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, இதற்குப் பெயர் வைத்திருந்தார்: பெனிசிலியம் ரூபென்ஸ். தாம் அதை கிரைசோஜீனத்துக்குள் அடக்கிவிட்டார், பெயர் ஓரமாகப் போய்விட்டது. ஆனால் பியூர்ஜின் வளர்ப்பு தாமின் கைக்கு வந்து, அமெரிக்கத் தொகுப்பில் எண் பெற்று, உயிரோடு இருந்தது. அதனால்தான் 88 ஆண்டுகள் கழித்தும் அதன் மரபணுவைப் படித்து, ஃபிளெமிங்கினுடையதும் இதுவும் ஒன்று என்று சொல்ல முடிந்தது. 2008-இல் முழு மரபுத்தொகுதி படிக்கப்பட்ட விஸ்கான்சின் 54-1255, முலாம்பழப் பூஞ்சையின் வழிவந்தது. அதுவும் ரூபென்ஸ்தான். 1943-இல் இரண்டு வேறு சிற்றினங்கள் என்று எழுதிய லண்டன் தட்டும் பியோரியா பழமும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன.

ரூபென்ஸ் என்றாலும் செந்நிறமானது என்றே பொருள். நீலப்பச்சையாக வளரும் ஒரு பூஞ்சைக்கு முதல் பெயரும் கடைசிப் பெயரும் சிவப்பு. பெயர் என்பது வருணனை அல்ல என்பதை மாணவர்களுக்கு விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படுவதில்லை.

பேரினமே பிரிந்தபோது

அதே 2011-இல் இன்னொன்றும் நடந்தது. பூஞ்சைகளின் பாலினப் பருவத்துக்கு ஒரு பெயர், பாலிலாப் பருவத்துக்கு வேறு பெயர் என்ற பழைய ஏற்பாட்டை மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு முடிவுக்குக் கொண்டுவந்தது. யூபெனிசிலியம் என்ற பாலினப் பெயர் பெனிசிலியத்துக்குள் அடங்கியது. மறுபுறம், இரண்டடுக்குப் பெனிசிலியங்களில் ஒரு பெருங்கூட்டம் மரபணுப்படி இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே இல்லை என்று தெளிவானதால், அவை தலரோமைசிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டன.

நுண்ணோக்கியில் அந்தக் கூட்டம் முன்பே தனித்துத் தெரிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெனிசிலியத்தின் ஃபியலைடு வயிறு பெருத்த குடுவை. தலரோமைசிஸின் ஃபியலைடு ஈட்டி போல மெலிந்து கூர்ந்திருக்கும், மெட்டுலாவும் ஏறத்தாழ அதே நீளம், தூரிகை முழுவதும் கட்டிய துடைப்பம்போல நெருக்கமாக நிற்கும். உருவவியலாளர்கள் இவற்றைத் தனித் துணைப்பேரினமாகவே வைத்திருந்தார்கள். மரபணு வந்து அந்தக் கண்ணுக்குச் சாட்சி சொன்னது. லா டூஷ் சொன்ன ரூப்ரம் இப்போது தலரோமைசிஸ் ரூபர். 1929-இல் சிற்றினம் பிசகியதாக நினைத்தது இன்றைய கணக்கில் பேரினமே பிசகியதாக ஆகிறது.

இது ஏட்டுச் சண்டை இல்லை என்பதற்கு மார்னெஃபி சான்று. 1956-இல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியிலிருந்து பிரிக்கப்பட்டு, 1959-இல் பிரெஞ்சு அறிஞர் செக்ரெடான் பெனிசிலியம் மார்னெஃபி என்று பெயரிட்டார். ஆய்வின்போது தவறுதலாக ஊசி விரலில் குத்தி அவருக்கே தொற்று வந்தது. 25 டிகிரியில் அது அகாரைச் சிவக்கவைக்கும் இழைப் பூஞ்சை. 37 டிகிரியில், அதாவது நம் உடல் வெப்பத்தில், ஈஸ்ட் போல ஒற்றை உயிரணுவாக மாறி, நடுவில் சுவரெழுப்பி இரண்டாகப் பிளக்கும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு உயிரைப் பறிக்கக்கூடிய நோய் தரும். தாய்லாந்தின் வடபகுதியிலும் தென்சீனாவிலும் மிகுதி, நம் நாட்டில் மணிப்பூரில் அறியப்பட்டது. இப்போது அது தலரோமைசிஸ் மார்னெஃபி. நோயின் பெயரும் மாறிவிட்டது. பழைய பெயரில் மட்டும் தேடும் மருத்துவருக்குப் புதிய கட்டுரைகள் கண்ணில் படாது. புதிய பெயரை மட்டும் அறிந்தவருக்குப் பழைய நோயாளிகளின் குறிப்புகள் கிடைக்காது. ஆகவே அறிக்கையில் சில ஆண்டுகளுக்காவது இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று ஆய்வகத்தில் வேலை செய்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

பெனிசிலியத்தில் 2014-இல் ஏற்கப்பட்ட சிற்றினங்கள் 354. 2020-இல் 483.

மறுபடியும் அதே வித்து

ஃபிளெமிங்கின் வளர்ப்பு நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொகுப்பு எண்களோடு இருக்கிறது: சி.பி.எஸ். 205.57, என்.ஆர்.ஆர்.எல். 824, ஐ.எம்.ஐ. 15378. பெயர் மாறி மாறி வந்தபோதும் இந்த எண்கள் மாறவில்லை. பெயரோடு கட்டாயம் வளர்ப்பு எண்ணையும் எழுதச் சொல்வது இதற்காகவே. எங்கள் குழாயில் மூன்று சீட்டுக்கும் கீழே, கண்ணாடியிலேயே கண்ணாடிப் பென்சிலால் ஓர் எண் இருக்கிறது. மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு நான் முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான்.

2020-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறைநிலையில் இருந்த ஐ.எம்.ஐ. 15378-ஐ வெளியே எடுத்தார்கள். அது வளர்ந்தது. முதலில் வெள்ளை, பிறகு நடுவில் பச்சை. அதன் முழு மரபுத்தொகுதியையும் அவர்கள் படித்து, அமெரிக்கத் தொழில்துறையில் வளர்ந்த உறவினர்களோடு அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பென்சிலினைக் கட்டும் நொதிகளின் மரபணுக்களில் லண்டன் பூஞ்சைக்கும் அமெரிக்கப் பூஞ்சைகளுக்கும் சிறு வேறுபாடுகள் தெரிந்தன. துஷேனின் பூஞ்சையிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.